ஒரே வயரில் கீபோர்டும் மவுஸும்

யூஎஸ்பி வயர் என்ற ஒன்றைக் கண்ணால்கூடப் பார்க்காமல், அதை வைத்து ஒருவருடைய நாற்காலியைக் காப்பாற்றித் தருவதாக வாக்குக் கொடுத்தவன் நான். ரகசியமாகவும் கொடுக்கவில்லை. ஸ்பின்னிங் மாஸ்டர் முன்னால், கையில் கேண்டீன் டீயோடு, "ரெண்டு வாரம் சார், முடிச்சிரலாம்" என்று சொன்னேன். அன்றைக்கு யூஎஸ்பி பற்றி எனக்குத் தெரிந்திருந்ததெல்லாம், மதுரையிலிருந்து வந்த பஸ்ஸில் யாரோ விட்டுவிட்டுப் போன ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையின் ஒன்றரைப் பக்கம். இரண்டாம் பக்கத்தின் மீதிப் பாதியில் அவர் வடையின் எண்ணெயைப் பிழிந்திருந்தார். முக்கியமான விஷயமெல்லாம் அதில்தான் இருந்திருக்க வேண்டும்.

தொண்ணூறுகள் முடியப் போகிற சமயம். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் மின்பிரிவில் எனக்கு வேலை. வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே போவேன், சாயங்காலம் நின்றுகொண்டே திரும்புவேன். எண்பதுகளில் வேலைக்குச் சேர்ந்தபோது, இது தற்காலிகம், சீக்கிரம் ராஜபாளையத்துக்கே குடிபோய்விடலாம் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். அன்று முதல் தற்காலிகமாகவே நின்றுகொண்டிருந்தேன். மில்லில் எனக்குப் 'படிப்பாளி' என்று பெயர். அது பாராட்டு என்று வெகுநாள் நினைத்திருந்தேன். மோட்டார் எரிந்தால் படிப்பாளியைக் கூப்பிடு என்று ஒருவரும் சொல்வதில்லை என்பதைக் கவனித்த பிறகுதான் விளங்கியது.

நாற்காலி லேபில் இருந்தது. நூலைச் சோதிக்கிற அறையை மில்லில் லேப் என்போம். நூல் காய்ந்தால் எடை மாறிவிடும் என்பதால் அந்த அறை எப்போதும் ஈரமாகவே இருக்க வேண்டும். மூலையில் ஒரு மெஷின் பனி மாதிரித் தண்ணீரைத் தூவும். ஒரு விசிறி அதை அறை முழுக்க அடித்துப் பரப்பும். சித்திரை மாதத்தில் மில்லில் பாதிப் பேருக்கு லேபில் ஏதாவது அவசர வேலை இருக்கும்.

அங்கே உட்கார்ந்து வேலை பார்த்தவர், மம்சாபுரத்திலிருந்து வருகிற ஓர் அக்கா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பத்தொன்பது வருடம் ஸ்பின்னிங்கில் மெஷின் பக்கம் நின்று நின்று, இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு புடைத்துச் சுருண்டுவிட்டது. டாக்டர் சீட்டைக் காட்டி, யூனியன்காரர்களைப் பேசவைத்து, கடைசியில் அந்த நாற்காலி கிடைத்திருந்தது. கைப்பிடி இல்லாத மர நாற்காலி. ஒரு கால் குட்டை என்பதால் அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருப்பார். வீட்டுக்குப் புறப்படும்போது அதன்மேல் ஒரு துண்டை விரித்துவிட்டுத்தான் போவார். அடுத்த ஷிப்டில் யாரும் அதில் உட்காரக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் அந்தத் துண்டை யாரும் எடுத்ததில்லை.

தினமும் காலையில் ஒவ்வொரு மெஷினிலிருந்தும் நூலை எடுத்து, அளவாகச் சுற்றி, எடை போடுவது அவருடைய வேலை. எடையை வைத்து நூல் தடிப்பா மெல்லிசா என்று தெரியும். பத்து மணிக்கு அந்தக் கணக்கு மாஸ்டர் மேஜைக்குப் போக வேண்டும். நோட்டில் எழுதிய காலத்தில் ஒன்பதரைக்கே போய்விடும். பிறகு மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்து புரோகிராம் போட்டுக் கொடுத்தார். எடையைக் கீபோர்டில் அடிக்க வேண்டும். மவுஸைப் பிடித்து, திரையில் இருக்கும் பச்சைக் கட்டத்தில் அம்பைக் கொண்டுபோய் அமுக்கினால் சேவ் ஆகும். அடுத்த எடைக்குப் போகலாம். அவர் விளக்கியதை நானும் கால் மணி நேரம் நின்று பார்த்தேன். அதற்குமேல் பார்க்க அதில் ஒன்றும் இல்லை என்று தோன்றியதால் வெளியே வந்துவிட்டேன்.

அக்கா ஒரு விரலால் அடித்தார். எண்ணைத் தேடி, கண்டுபிடித்து, அது ஓடிவிடாமல் இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்து, பிறகு அமுக்குவார். ஒன்பதரைக்குப் போன கணக்கு, பன்னிரண்டரைக்குப் போக ஆரம்பித்தது.

மாஸ்டர் நல்ல மனிதர்தான். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பார். அன்றைக்குக் கோபம் இல்லை என்பதால் முழுக்கத் தமிழிலேயே பேசினார். அதுதான் பயமாக இருந்தது.

"தீபாவளி வரைக்கும் பாப்பேம்மா. அதுக்குள்ள பத்து மணிக்கு ரிப்போர்ட் வரணும். இல்லன்னா கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு ஒண்ணை இங்க உக்கார வச்சுட்டு, உங்களைக் கோன் வைண்டிங்குக்கு மாத்திருவேன்."

"கோன் வைண்டிங்னா எட்டு மணி நேரமும் நிக்கணுமே சார்."

"எல்லாரும் நிக்கத்தானே செய்றாங்க."

அக்கா சேலையைக் கொஞ்சம் கீழே இழுத்துக் கணுக்காலை மறைத்துக்கொண்டார். அந்த நேரத்தில்தான் நான், டீ டம்ளரோடு, கேட்காமலே வாயைத் திறந்தேன். தராசிலிருந்து எடையை நேராகக் கம்ப்யூட்டருக்கு அனுப்ப ஒரு பெட்டி செய்துவிடலாம், அக்கா காலால் ஒரு பெடலை அமுக்கினால் போதும், எடையும் தானாக ஏறும், சேவும் தானாக ஆகும், விரலுக்கு வேலையே இல்லை என்றேன். மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரி. செய்ங்க," என்றார்.

யோசித்துப் பார்த்தால் சிக்கல் உடனே தெரிந்தது. எடையை அடிக்கப் பெட்டி ஒரு கீபோர்டாக இருக்க வேண்டும். பச்சைக் கட்டத்தை அமுக்க அதே பெட்டி ஒரு மவுஸாகவும் இருக்க வேண்டும். கம்ப்யூட்டரின் பின்பக்கம், பழைய கீபோர்டும் மவுஸும் செருகிய வட்ட வாய்கள் போக, யூஎஸ்பிக்கு இரண்டு சின்ன வாய்கள் இருந்தன. ஒன்றை லேபின் ஈரம் தின்று பச்சை பூத்திருந்தது. மிச்சம் ஒன்று. ஆக, ஒரே வயரில் இரண்டு ஆட்கள் போக வேண்டும். ஒரு பெட்டி இரண்டு வேடம் போடலாம் என்று யூஎஸ்பியின் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்தச் சட்டத்தை மதுரையில் ஒரு தெரிந்தவரிடமிருந்து ஜெராக்ஸ் எடுத்து வந்தேன். முந்நூறு பக்கத்துக்கு மேல். பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அதைப் படித்தேன். வாழ்க்கையில் தடியான புத்தகங்கள் பல படித்திருக்கிறேன். பாத்திரங்கள் இத்தனை பேர் வந்தும் யாருக்கும் ஒன்றுமே நடக்காத புத்தகம் இது ஒன்றுதான்.

சென்னையிலிருந்து இரண்டு சிப் வரவழைத்தேன். மைக்ரோகண்ட்ரோலர் என்பது கடலை மிட்டாய்த் துண்டு அளவுக்கு ஒரு முழுக் கம்ப்யூட்டர். அதன் முதுகில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும். எழுதிய புரோகிராம் தப்பென்றால், அந்த ஜன்னல் வழியாக அல்ட்ராவயலட் வெளிச்சத்தை அரை மணி நேரம் காட்டி அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். மின்பிரிவில் எழுதுகிற கருவி இருந்தது. அழிக்கிற விளக்கு இல்லை. எழுதினதை அழிக்க வேண்டிய அவசியம் இதுவரை யாருக்கும் வந்ததில்லை என்று ஸ்டோர்ஸில் சொன்னார்கள்.

விளக்கு சத்திரப்பட்டி ரோட்டில் இருந்தது. என்னோடு பாலிடெக்னிக்கில் படித்த பாய் அங்கே பேண்டேஜ் துணி, பஞ்சு எல்லாம் செய்கிற கம்பெனி வைத்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற சரக்கு என்பதால், பேக்கிங் அறையில் கிருமி சாக ஒரு நீல டியூப். பெண்கள் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போன பிறகு, கதவைச் சாத்திவிட்டு அதைப் போடுவார்கள். என் சிப்புக்கு வேண்டியதும் அதே வெளிச்சம்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய், சிப்பை ஒரு தட்டில் வைத்து அந்த டியூபுக்குக் கீழே விட்டுவிட்டு, வாசலில் பாயோடு உட்கார்ந்திருப்பேன்.

"ஏலே படிப்பாளி," என்பார் பாய், "உள்ள கிருமியும் சாவுது, உன் புரோகிராமும் சாவுது. எது மொதல்ல சாவுதுன்னு வெளிய உக்காந்து காவல் காக்கோம் பாரு, நம்ம பொழப்பைச் சொல்லணும்."

"இந்தத் தடவை சரியாயிரும் பாய்."

"போன தடவையும் இதே திண்டுல உக்காந்துதான் சொன்ன."

அந்த அறைக்குக் கடுமையான விதி உண்டு. செருப்பு, பூ, வளையல், நெற்றிப்பொட்டு எதுவும் உள்ளே போகக் கூடாது. பெண்கள் ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கதவு நிலையில் ஒட்டிவிட்டு உள்ளே போவார்கள். வரும்போது எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வார்கள். நிலை முழுக்கச் சிவப்பும் மெரூனுமாகப் புள்ளிகள். எழுதி முடித்த சிப்பின் ஜன்னலை வெயில் படாமல் மூட வேண்டும். அதற்குப் பொருத்தமான அளவில் கண்ணில் பட்டது அதுதான். கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். "எங்க பொட்டுக்கு வந்த யோகத்தைப் பாருங்கட்டி, கம்ப்யூட்டருக்கு நெத்தில உக்காந்துருச்சு" என்று ஒரு பெண் சொன்னதில் அன்றைக்குப் பேக்கிங் அரை மணி நேரம் தாமதம்.

முதல் மாதத்தில் பெட்டி கீபோர்டாக மட்டும் வேலை செய்தது. பெடலை அமுக்கினால் திரையில் ஒன்று புள்ளி ஆறு இரண்டு என்று எடை தானாக விழுந்தது. அக்கா கைதட்டினார். நான் அலட்சியமாக முகத்தை வைத்துக்கொண்டேன். பிறகு மவுஸைச் சேர்த்தேன், சேர்த்ததாக நினைத்தேன். கம்ப்யூட்டர் கீபோர்டை மட்டும் பார்த்தது. மவுஸ் என்று ஒருவர் வந்திருப்பதாக அது ஒப்புக்கொள்ளவே இல்லை.

வயரைச் செருகியதும் கம்ப்யூட்டர் கேட்கும்: நீ யார், என்ன வேலை தெரியும்? பெட்டி ஒரு மனு கொடுக்க வேண்டும். அந்த மனுவின் தலைப்பிலேயே, இது மொத்தம் எத்தனை பைட் நீளம் என்று சொல்லிவிட வேண்டும். கீபோர்டு மட்டும் இருந்தபோது முப்பத்துநான்கு. மவுஸின் விவரத்தைக் கீழே சேர்த்த நான், தலைப்பில் முப்பத்துநான்கை அப்படியே விட்டிருந்தேன். கம்ப்யூட்டர் நல்ல தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. முப்பத்துநான்கு வரை படித்தது, மடக்கி வைத்தது. அதற்குக் கீழே மவுஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரமும் மவுஸின் விவரத்தைத்தான் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருந்தேன். யாருமே படிக்காத ஒரு பக்கத்துக்கு அத்தனை திருத்தம். எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அது புதிய அனுபவம் அல்ல.

அக்கா வழியில் அதே பஸ்ஸில் ஏறுவார். மில்லுக்குள் என்னை சார் என்பவர், பஸ்ஸில் தம்பி என்பார்.

"என்ன தம்பி, பெட்டி எம்புட்டுல இருக்கு?"

"இன்னும் கொஞ்சம்தான்க்கா."

"போன வாரமும் கொஞ்சம்தான்னீக. அந்தக் கொஞ்சம் அப்படியேதான் இருக்கா?"

ஆயுத பூஜையன்று காலையில், பஸ் நின்று நின்று போய்க்கொண்டிருந்தபோது, ஜெராக்ஸ் தாளில் அந்த நீளக் கணக்கு கண்ணில் பட்டது. ஒன்பதும் ஒன்பதும் ஒன்பதும் ஏழும், மறுபடி ஒன்பதும் ஒன்பதும் ஏழும். ஐம்பத்தொன்பது! போனதும் சிப்பில் எழுதி, பெட்டிக்குள் போக வேண்டிய சர்க்யூட் போர்டில் மாட்டி, லேபுக்கு ஓடினேன். அங்கே கம்ப்யூட்டருக்கு மாலை போட்டு, திரைக்கு நடுவில் சந்தனம் வைத்து, விபூதி பூசி உட்கார வைத்திருந்தார்கள். பூஜை போட்ட சாமானை மறுநாள் வரை தொடக் கூடாது. ஸ்விட்ச் போடக் கேட்டவனை எல்லோரும் பார்த்த பார்வையில், நான் கேட்டதையே மாற்றிக்கொண்டு பொரி கொஞ்சம் கேட்டேன்.

அக்கா கையில் சந்தனக் கிண்ணம். பன்னீர் விட்டுக் குழைத்தது. தராசுக்கு வைத்தாயிற்று, நூல் சுற்றும் சக்கரத்துக்கு வைத்தாயிற்று, தன் நாற்காலியின் நான்கு காலுக்கும் வைத்தாயிற்று. என் போர்டைப் பார்த்தார்.

"இதுக்கும் வைக்கவா சார்? நீங்கதான் சாமியே இல்லைம்பீகளே."

கேண்டீனில் அப்படித்தான் பேசுவேன். ஆனால் இரண்டு மாதமாக ஓடாத சாமானை வைத்துக்கொண்டு கொள்கை பேச எனக்குத் தெம்பு இல்லை.

"வைங்கக்கா," என்றேன்.

போர்டில் பளபளவென்று வெள்ளியில் செய்த புளியங்கொட்டை மாதிரி ஒன்று இருந்தது. கிரிஸ்டல் என்பார்கள். சிப்புக்கு அதுதான் நாடித்துடிப்பு. மற்றதெல்லாம் கருப்பாகவும் பழுப்பாகவும் இருந்ததால், அக்காவின் கண் நேராக அதற்குத்தான் போனது. நல்ல பெரிய பொட்டாக வைத்தார், அதற்கு மேல் குங்குமம். நான் போர்டைத் திருப்பிப் பார்த்து, "கொஞ்சம் ஒதுங்கி இருக்கோ?" என்றேன். இன்னொரு விரல் சந்தனம் எடுத்துச் சரி செய்தார். அந்த இரண்டாவது விரல் முழுக்க முழுக்க என் பொறுப்பு.

லீவு முடிந்து வந்து வயரைச் செருகினேன். கம்ப்யூட்டர், இது என்ன என்றே தெரியவில்லை என்றது. முன்பு கீபோர்டையாவது ஒப்புக்கொண்டிருந்தது. இப்போது அதுவும் போயிற்று. நான் புதிதாக மாற்றியது ஐம்பத்தொன்பதை மட்டும்தான். ஆகவே தப்பு ஐம்பத்தொன்பதில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். தர்க்கத்தில் ஒரு குறையும் கிடையாது. ஐம்பத்தெட்டு போட்டுப் பார்த்தேன், அறுபது போட்டுப் பார்த்தேன். மவுஸை முதலிலும் கீபோர்டைப் பின்னாலும் வைத்தேன். மனுவின் ஒவ்வொரு எண்ணையும் விரல் வைத்துக் கூட்டினேன். தினம் ஒரு மாற்றம், தினம் ஒரு சைக்கிள் மிதி, தினம் அரை மணி நேரம் நீல டியூப். அந்த நாட்களில் மதியச் சோறு என்று ஒன்றை நான் உட்கார்ந்து சாப்பிட்டதாக நினைவில்லை.

பதினோராம் நாள் பஸ்ஸில் அக்கா பெட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தவர், ராஜபாளையம் நெருங்கும்போது வேறு ஒன்று கேட்டார்.

"தம்பி, ரொம்ப நேரம் நிக்கதுக்குன்னு மெத்துன்னு ரப்பர் செருப்பு விக்காகளாமே. எந்தக் கடைல நல்லா இருக்கும்?"

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க முடிந்திருக்காது.

அன்றைக்குச் சிப்பைக் கழற்றும்போது ஒரு கால் வளைந்து, சாக்கெட்டில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. இழுத்தால் ஒடியும். இன்னொரு சிப் ஏற்கெனவே ஒடிந்திருந்தது. ஆகவே போர்டோடு தூக்கிக்கொண்டு பாயிடம் போனேன். கதவு நிலையில் பாய் வழியை மறித்தார்.

"என்னலே இது, சந்தனமும் குங்குமமுமா? பேக்கிங் ரூமுக்குள்ள பொட்டோட போகக் கூடாதுன்னு தெரியும்ல?"

"போர்டுதானே பாய், நெத்தியா?"

"என் ரூமுக்குள்ள மாப்பிள்ளையே வந்தாலும் அழிச்சிட்டுத்தான் வரணும். கொண்டா."

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்தார். அந்தக் கம்பெனியில் அவை இரண்டுக்கும் குறைவே இல்லை. கிரிஸ்டலின் மேலும் கீழும், கால்களின் இடுக்கிலும், காயத்தைத் துடைப்பது போல் துடைத்தார். பஞ்சு மஞ்சளும் சிவப்புமாக வந்தது. "ஆயுத பூஜைக்கு வச்சதுதானே, இன்னும் ஈரமா இருக்கே" என்றார். நான் ஒன்றும் யோசிக்கவில்லை. யோசிக்கிற நிலையைத் தாண்டியிருந்தேன்.

திரும்பி வந்து, அந்தச் சிப்பைப் பொறுமையாக நெம்பிக் கழற்றி, கடைசியாக ஒருமுறை என்று பழைய ஐம்பத்தொன்பதையே எழுதிச் செருகினேன். கம்ப்யூட்டர் கீபோர்டு என்றது. ஒரு நொடி கழித்து, மவுஸ் என்றது.

அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். பாயின் மஞ்சள் பஞ்சு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. லேபின் ஈரத்தில் சந்தனம் காயவே இல்லை. கிரிஸ்டலின் இரண்டு காலுக்கும் நடுவே ஈரப் பாலம் போட்டுக்கொண்டு, நாடியைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. பதினோரு நாளாக நான் மனுவைத் திருத்திக்கொண்டிருந்தேன். மனுதாரர் மூச்சில்லாமல் கிடந்தார். இதை அக்காவிடம் சொல்லவில்லை. "சின்ன லூஸ் கனெக்‌ஷன்" என்றேன். அவர் வைத்த சந்தனத்தால்தான் பெட்டி பிழைத்தது என்று அவர் நம்பினார். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால் மாஸ்டர் பார்க்க வந்தார். கையில் வாட்சைக் கழற்றிப் பிடித்திருந்தார். கம்ப்யூட்டர் மேஜைக்குக் கீழே தரையில் இருந்தது. பெட்டி அதன் பக்கத்தில். பெடல் அக்காவின் காலடியில். அக்கா நூலைத் தராசில் போட்டார், பெடலை அமுக்கினார். எடை விழுந்தது. அம்பு திரையின் மூலைக்கு ஓடிப்போய் முட்டி, அங்கிருந்து அடியெண்ணிக்கொண்டு வந்து பச்சைக் கட்டத்தை அமுக்கியது. பச்சைக் கட்டம் எங்கே இருக்கிறது என்று பெட்டிக்குத் தெரியாது. மூலையைத் தொட்டால்தான் வழி தெரியும். பார்க்க எனக்குக் கண் கலங்கியது. மாஸ்டர் என்னைப் பார்த்தார்.

"நீங்க பின்னால நின்னு மூச்சு விட்டா அவங்களுக்குப் பதட்டமாகுது. வெளிய நில்லுங்க."

வெளியே நின்றேன். கேண்டீன் போகும் வழியில் மூன்று தடவை நடந்தேன். கோன்களில் நூல் சுற்றுகிற வைண்டிங் பக்கம் பார்வை போனது. அங்கே பெண்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். ஒன்பது இருபதுக்கு மாஸ்டர் கையில் தாளோடு வெளியே வந்தார். "பரவால்ல, உங்க பெட்டி ஜோரா இருக்கு," என்றார். "அந்தம்மாவே இருக்கட்டும்."

அவ்வளவுதான். புதிதாக யாரையும் எடுக்கவில்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும் கண்டக்டர் தட்டி எழுப்பினார்.

தீபாவளி முடிந்து ஒரு வாரம் கழித்து, பெட்டி ஓடுகிற அழகை ஒருமுறை நிம்மதியாகப் பார்க்கலாம் என்று காலையில் லேபுக்குப் போனேன். அக்கா நாற்காலியில் இருந்தார். இடது கை தராசில். வலது கை, கீபோர்டின் ஓரத்தில் இருக்கும் எண்களின்மேல், பார்க்காமலே தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பெட்டி அலமாரியின் உச்சியில், வயர் நேர்த்தியாகச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு இருந்தது.

"பெட்டி ரிப்பேரா அக்கா?"

"இல்ல சார். தூசி படும்னு மேல வச்சிருக்கேன்."

"மாஸ்டர் பாத்த அன்னைக்கு நல்லாத்தானே ஓடிச்சு?"

அக்கா கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஆறு எடை வரைக்கும் ஓடிச்சு. ஏழாவதுக்கு அவுக குனிஞ்சு பேப்பரை எடுத்தாக. கை பட்டு மேஜை மவுஸ் நகந்திருச்சு போல. அம்பு வேற எங்கயோ போயி எதையோ அமுக்கி, ஸ்க்ரீன்ல என்னமோ கேக்குது. அவுக வாட்சைப் பாக்காக. நான் என்ன செய்ய? காலாலயே வயரை உருவிட்டுட்டு, கையால அடிச்சேன். பெடலை மட்டும் சும்மா அமுக்கிக்கிட்டே இருந்தேன்."

"இம்புட்டு வேகமா எப்போ பழகினீங்க?"

"நீங்க ரெண்டு வாரம்னீக, ரெண்டு மாசம் தாண்டிருச்சு. நாற்காலி என்னுதுல்லா? நீங்க மத்தியானம் சைக்கிள எடுத்துட்டுப் போவீகள்ல, அப்போ தினம் செத்த நேரம் நம்பரை மட்டும் அடிச்சுப் பாப்பேன். பொறவு கை தன்னால போக ஆரம்பிச்சிருச்சு."

பேசிக்கொண்டே இன்னும் இரண்டு எடை முடித்துவிட்டார். அப்போதுதான் கவனித்தேன், அந்தக் கை கீபோர்டை விட்டு நகரவே இல்லை.

"அப்போ சேவ்? ஒவ்வொரு தடவையும் மவுஸைப் பிடிக்கணுமே?"

"எஃப் ரெண்டை அமுக்குனா சேவ் ஆயிரும்ல? கோயம்புத்தூர்க்காரக அன்னைக்கே சொன்னாகளே. நீங்க பாதியில போயிட்டீக."

மவுஸ் மேஜையின் ஓரத்தில், அன்றைய தாள்களின்மேல் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அக்காவும் பார்த்தார்.

"இந்த விசிறிக் காத்துல பேப்பரெல்லாம் பறக்குதுன்னு மேல வச்சிருக்கேன் சார். உள்ள ஏதோ குண்டு கெடக்கு, நல்ல கனம்."